டர்னிடினில் 34 சதவீதம்: மகளின் ஆய்வுக் கட்டுரை காப்பி என்று ஆகிவிடுமா?

கேள்வி: என் மகள் டர்பனில் ஹானர்ஸ் (பட்டத்துக்குப் பிறகு வரும் நான்காவது ஆண்டு) படிக்கிறாள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழாவைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள். வரைவை, காப்பி இருக்கிறதா என்று பார்க்கும் டர்னிடின் மென்பொருளில் போட்டதில் 34 சதவீதம் வந்துவிட்டது. "20-க்குக் கீழே கொண்டு வா, அப்புறம் பார்க்கிறேன்" என்று ஆய்வுக்கு வழிகாட்டும் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சதவீதத்தைக் குறைத்துத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் 3,500 ராண்ட் கேட்கிறார். மாதிரிக்கு முதல் அத்தியாயத்தை அவருக்கு அனுப்பியும் விட்டாள். காப்பியடிக்கிற பெண் இல்லை அவள். பணம் கட்டலாமா? அந்தச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து மாற்றச் சொல்லலாமா?
செட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய்

பதில்: பணம் கட்ட வேண்டாம் அம்மா. இனி ஒரு பக்கம்கூட அந்த ஆளுக்குப் போகக் கூடாது. காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். முதலில் அந்த 34 என்ன என்று பார்த்துவிடுவோம்.

டர்னிடினுக்குத் திருட்டு எது, திருட்டு இல்லாதது எது என்று தெரியாது. உங்கள் மகள் எழுதிய வார்த்தைகள் அதே வரிசையில் வேறு எங்கெல்லாம் இருக்கின்றன என்று இணையப் பக்கங்களிலும் ஆய்விதழ்களிலும் மற்ற மாணவர்கள் கொடுத்த கட்டுரைகளிலும் தேடி, கிடைத்ததைக் கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். மேற்கோள் குறி போட்டு, ஆசிரியர் பெயர் கொடுத்து முறையாக எடுத்த வரியும் அந்தக் கூட்டலில் சேரும். கடைசியில் உள்ள நூல் பட்டியலும், எல்லோரும் ஒட்டுகிற உறுதிமொழிப் பக்கமும் சேரும். இத்தனை சதவீதம் வந்தால் குற்றம் என்று அந்த நிறுவனமே எந்த எல்லையும் வைக்கவில்லை. நூல் பட்டியலையும் மேற்கோள்களையும் விலக்கிக் கணக்கிடும் வசதி அதிலேயே இருக்கிறது. சூப்பர்வைசர் சில நொடிகளில் செய்துவிடலாம்.

"20-க்குக் கீழே வந்தால்தான் பார்ப்பேன்" என்று ஆசிரியர் ஒருவர் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அறிக்கையைத் திறந்து நிறம் பூசிய வரிகளைப் படிப்பது அவருடைய வேலை. 9 சதவீதம் வந்த கட்டுரையில் அந்த ஒன்பதும் ஒரே புத்தகத்திலிருந்து அப்படியே தூக்கிய பக்கங்களாக இருக்கலாம். 34 வந்ததில் திருட்டு வரி ஒன்றுகூட இல்லாமல் போகலாம். முதலாண்டில் பிள்ளைகளை ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்து, காப்பியடிக்காதே என்று எச்சரித்து அனுப்புகிறார்கள். படிக்கும்போது குறிப்பு எடுப்பது எப்படி என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லித் தருவதில்லை. நான்காவது ஆண்டில் ஓர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். வாட்ஸ்அப் ஆட்களுக்கு அந்தப் பயம்தான் மூலதனம். கேம்பஸ் வாசல் விளக்குக் கம்பங்களில் அவர்களுடைய விளம்பரம் ஒட்டியே கிடக்கிறது, கிழித்துப் போட ஆள் இல்லை.

சரி, 3,500 ராண்டுக்கு அந்த ஆள் என்ன செய்வார்? பெரும்பாலும் கட்டுரையை வார்த்தை மாற்றும் மென்பொருளில் போடுவார். அது ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக ஏதோ ஒரு சொல்லை வைக்கும். பிரான்ஸைச் சேர்ந்த கியோம் கபனாக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2021-இல் இப்படி உருக்குலைந்த சொற்களைத் தேடித் தொகுத்தார்கள். அச்சான ஆய்வுக் கட்டுரைகளிலேயே 'பிரெஸ்ட் கேன்சர்' (மார்பகப் புற்றுநோய்) என்பது 'பூசம் பெரில்' (நெஞ்சு ஆபத்து) என்று மாறிக் கிடந்தது. உங்கள் மகள் கட்டுரைக்கும் அந்தக் கதிதான். சதவீதம் இறங்கும், ஆனால் படிக்கிற தேர்வாளருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் சிலர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆங்கில 'ஏ' இருக்கும் இடத்தில் பார்வைக்கு அதேபோல இருக்கும் ரஷ்ய எழுத்தை வைப்பார்கள், அல்லது வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தை ஒளித்து வைப்பார்கள். டர்னிடின் இப்போது இந்த இரண்டையும் கொடி போட்டுக் காட்டுகிறது. அது வரைக்கும் குறிப்பு எடுக்கத் தெரியாத மாணவியாக இருந்தவள், அந்த நிமிடத்திலிருந்து ஏமாற்ற முயன்றவள் ஆகிவிடுவாள். ஒழுங்கு விசாரணையில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிது.

பலருக்கும் தெரியாத ஆபத்து அடுத்தது. "இதோ பாருங்கள், 8 சதவீதம்" என்று காட்டுவதற்காக அந்த ஆள் கட்டுரையை டர்னிடினில் ஏற்றுவார். அந்தக் கணக்கு வேறு ஏதோ ஒரு கல்லூரியின் பெயரில் இருக்கும். சேமிக்க வேண்டாம் என்று அமைப்பை மாற்றாவிட்டால், ஏற்றுகிற கட்டுரை டர்னிடின் கிடங்கிலேயே தங்கிவிடும். பிறகு உங்கள் மகள் தன் பல்கலைக்கழகத்தில் அதே கட்டுரையைக் கொடுக்கும்போது, வேறொரு கல்லூரியில் வேறொரு மாணவர் ஏற்கெனவே கொடுத்தது என்று முழுக் கட்டுரையும் சிவப்பாக வரும். சொந்தமாக எழுதிய வரிகளும் திருடியவையாகத் தெரியும். பணம் கைமாறிய பிறகு, "இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் உன் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவேன்" என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. மாணவியின் பெயர், எண், கட்டுரை எல்லாம்தான் அவர்கள் கையில் இருக்கிறதே.

எடிட்டரிடம் கொடுப்பதே தப்பா என்று அடுத்துக் கேட்பீர்கள். தப்பில்லை. இந்த ஒரு விலக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த வாட்ஸ்அப் தரகர்கள் எல்லோரும் தங்களை எடிட்டர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் புரொபஷனல் எடிட்டர்ஸ் கில்ட் என்று எடிட்டர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. முறையான மொழி எடிட்டர் இலக்கணம், நிறுத்தக்குறி, எழுத்துப்பிழை, நூல் பட்டியலின் வடிவம் ஆகியவற்றைத் திருத்துவார். திருத்திய ஒவ்வொரு இடமும் ட்ராக் சேஞ்சஸில் (மாற்றங்களைக் காட்டும் வசதியில்) தெரியும்படி வைத்து, ஏற்பதும் தள்ளுவதும் மாணவியின் கையில் என்று விட்டுவிடுவார். என்ன செய்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் தருவார், அதைக் கட்டுரையோடு இணைக்கலாம். சூப்பர்வைசருக்குத் தெரிந்துதானே செய்கிறீர்கள் என்று முதலிலேயே கேட்பார். கருத்தை மாற்ற மாட்டார், பத்தியைத் திரும்ப எழுத மாட்டார், டர்னிடின் எண்ணுக்கு உத்தரவாதம் தரவே மாட்டார். ஆகவே "எத்தனை சதவீதம் வேண்டும்?" என்று கேட்கிறவர் எடிட்டர் இல்லை. கடிதம் தர மறுப்பவரும் இல்லை. அப்படிப்பட்ட எடிட்டரிடம்கூடக் கட்டுரை முழுதும் முடிந்த பிறகு போங்கள், இப்போது போக வேண்டாம்.

சாட்ஜிபிடிக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. வரிகளை மாற்றித் தரும்போது இல்லாத நூல்களையும் இருப்பதாகச் சேர்த்துவிடக்கூடும். 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் சுட்டிக்காட்டிய ஒன்பது வழக்குகளில் இரண்டைத்தான் நீதிபதியால் கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவை இப்படிப்பட்ட ஏஐ கற்பனை செய்தவை என்ற சந்தேகத்தில் விவகாரம் வழக்கறிஞர் கவுன்சில் வரை போனது.

இனி மகள் தானே செய்ய வேண்டியது. அறிக்கையை முழுதாகத் திறந்து நிறமிட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். நூல் பட்டியல், மேற்கோள், கோயில் பெயர், நிறுவனப் பெயர் இவற்றை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது, நடுநடுவே இரண்டு மூன்று சொல்லை மட்டும் மாற்றி வாக்கிய எலும்புக்கூட்டை அப்படியே வைத்திருக்கும் பத்திகளை. கீழே ஆசிரியர் பெயர் போட்டிருந்தாலும் அது அவருடைய வாக்கியம்தான். காப்பியடிக்காத பிள்ளைகளும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு பக்கம் புத்தகம், ஒரு பக்கம் கட்டுரை என்று திரையில் இரண்டையும் திறந்துவைத்து எழுதினால் வேறு எப்படி வரும்? படித்து முடித்ததும் மூலத்தை மூடிவிட்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று கையால் நோட்டில் எழுதட்டும். பக்க எண்ணை முதலில் குறிக்கட்டும். மூலத்தின் சொற்களையே எடுத்தால் வேறு நிற மை. பிறகு நோட்டைப் பார்த்துக் கட்டுரை எழுதட்டும்.

அவளுடைய முதல் அத்தியாயம் எப்படித் தொடங்கும் என்று ஊகிக்க முடிகிறது: 1860 நவம்பர் 16, நம்மவரை ஒப்பந்தக் கூலிகளாக முதலில் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல், மெட்ராஸிலிருந்து, 342 பேர். இந்த நாட்டில் நம்மவர் பற்றி எழுதும் எல்லோருக்கும் அந்த வரி வரும், எல்லோருக்கும் அது நிறம் காட்டும். இரண்டு வரியில் முடித்துவிட்டு வெஸ்ட்வில் கேம்பஸில் உள்ள காந்தி-லுதூலி ஆவண மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். 1911 வரை வந்த 1,52,184 பேரைப் பற்றிய கப்பல் பட்டியல்களை அங்கே பார்க்கலாம். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை பதிந்திருக்கிறார்கள். அதில் அவளே தேடி, அவளே எண்ணி எழுதுகிற பத்தி எந்தக் கிடங்கோடும் ஒத்துப்போகாது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகு கோயிலில் எடுத்த பேட்டிகள் இருந்தால் அவற்றுக்கு இன்னும் இடம் கொடுக்கட்டும். பாட்டிமார் தமிழில் சொன்னதை அவளே ஆங்கிலமாக்கியிருந்தால் அந்த வரிகள் அவளுக்கே உரியவை.

அனுப்பிவிட்ட முதல் அத்தியாயம்தான் அவசரம். அந்த ஆள் அதை ஏற்றியிருந்தால், நீக்கக் கேட்கும் உரிமை அந்தக் கணக்கை வைத்திருக்கும் கல்லூரிக்குத்தான் உண்டு, உங்கள் மகளுக்கு இல்லை. ஆகவே சிவப்பு வருவதற்கு முன்பே அவள் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளட்டும். அத்தியாயத்தின் பழைய வரைவுகளையும் கையெழுத்துக் குறிப்புகளையும் தேதிவாரியாக ஒரு ஃபோல்டரில் போடட்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே சூப்பர்வைசரிடம் போய், இன்ன தேதியில் இன்னாருக்கு இந்த அத்தியாயத்தை அனுப்பினேன், பணம் கொடுக்கவில்லை என்று சொல்லி, அதையே ஈமெயிலாகவும் அனுப்பிவிடட்டும். அந்த ஈமெயிலிலேயே, பட்டியலையும் மேற்கோளையும் விலக்கி அறிக்கையை மறுபடி எடுத்துத் தரும்படி கேட்கட்டும்.