அந்தப் பட்டியல் யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 36. ஒவ்வொரு ஜனவரியிலும் பட்டியல் போடுகிறேன். காலை ஐந்து மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, தியானம், தினம் இருபது பக்கம் வாசிப்பு, ஒரு புது மொழி. 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான் பத்து நாளைத் தாண்டியதே இல்லை. வேலை முடிந்து வந்தால் போனில் மூழ்கிவிடுகிறேன். அப்பா ஏதாவது பேசினால்கூட 'ம்' என்பதோடு சரி. எனக்கு மன உறுதியே கிடையாதா?
- ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த 21 நாள் கணக்கை விட்டுவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது அது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்பது அவர் பார்த்தது. வாய்வழி பரவியபோது 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது. பின்னாளில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக, ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. பத்தாம் நாள் நின்றுபோனதை வைத்து உங்கள் மன உறுதிக்கு மார்க் போடாதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட ஏன் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த மொழி என்றுகூடச் சொல்லவில்லை. ஊரே நல்லது என்று சொல்கிற விஷயங்கள் அவை. நல்லவைதான், ஆனால் இரவல் வாங்கியவை. தூக்கம் கண்ணைச் சொருகும்போது இரவல் ஆசை எழுப்பிவிடாது.

போகிற போக்கில் அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். யாரும் கேட்காமலே வந்து விழுந்த வரி. கடிதத்தில் உங்கள் குரல் கேட்டது அங்கேதான். நமக்கு எது முக்கியம் என்று உட்கார்ந்து யோசித்தால் 'நேர்மை, அன்பு, ஆரோக்கியம்' என்று பரீட்சை விடை மாதிரிதான் வரும். எதைச் செய்யாமல் விட்டால் படுக்கையில் புரள்கிறோம் என்று பாருங்கள், விடை சட்டென்று கிடைக்கும். என் ஊகம் தப்பாக இருக்கலாம். உங்களைப் புரள வைப்பது வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாதான் என்றால், இந்த வருஷத்துக்கு அது ஒன்று போதும். 'அப்பாவோடு நேரம் செலவிட வேண்டும்' என்று எழுதி ஒட்டாதீர்கள், அது நடக்காது. எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்தால் செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நீங்கள் போடவேண்டிய முடிச்சு இப்படி இருக்கலாம்: வீட்டுக்குள் வந்து பையைக் கீழே வைத்ததும், போனைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, அப்பா பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருவேன். பேச்சு வராத நாளில் சும்மா உட்கார்ந்தாலும் சரி.

ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு விலை உண்டு. களைத்து வரும்போது போன் தருகிற ஓய்வு பொய்யில்லை, அதை நீங்கள் இழக்கத்தான் வேண்டும். முதல் சில நாள் கை பையைத் தேடும். அப்பாவுமே 'என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்கக்கூடும்.

இலக்கு வேண்டுமென்றால் இதற்குள்ளேயே ஒன்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய இளமைக்கால நினைவுகளை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த பிறந்தநாளுக்குள் முடிப்பது. நோட்டு ஒருநாள் நிறைந்துவிடும். அதன் பிறகும் பையைக் கீழே வைத்ததும் நீங்கள் போய் உட்காரப்போவது அவர் பக்கத்தில்தான். காலையில் அவரோடு நடக்கப் போனால் உடற்பயிற்சிகூட வந்து ஒட்டிக்கொள்ளும். மொழியும் தியானமும் காத்திருக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்ற கணக்கு எனக்கு வேண்டாம். அப்பா சொன்னதில் ஏதாவது ஒன்றை எழுதுங்கள்.