17 வருடக் கடை, 14 நாள் கடிதம்

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் 17 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். மேல் மாடியில் சனி, ஞாயிறுகளில் என் தம்பி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிருதங்கமும் உருமியும் சொல்லிக்கொடுக்கிறான். முதல் இரண்டு வருடத்துக்கு மட்டும்தான் எழுத்தில் ஒப்பந்தம். அப்புறம் எல்லாம் வாய்ப்பேச்சு. கடைவீட்டின் சொந்தக்காரரான பழைய தவுக்கே காலமாகிவிட்டார், பிள்ளைகள் கடையை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ஈப்போக்காரர். இரண்டு மாதம் 850 வெள்ளி (ரிங்கிட்) வாடகையை வாங்கிக்கொண்டவர், இனி 1,900 வேண்டும், இல்லையென்றால் 14 நாளில் காலி செய்யவேண்டும், மீறினால் பூட்டை மாற்றிவிடுவேன் என்று கடிதம் போட்டிருக்கிறார். இத்தனை வருடம் இருந்ததற்கு எனக்கு உரிமை இல்லையா? பழைய தவுக்கேயிடம் கட்டிய 1,700 வெள்ளி முன்பணம் என்ன ஆகும்?

பதில்: கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. 17 வருடம் இருந்ததற்கென்று தனி உரிமை எதுவும் இல்லை. ‘பன்னிரண்டு வருடம் இருந்தால் இடம் நமக்கே’ என்று கோப்பிக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள். நம் நாட்டு நிலச் சட்டத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பழைய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு அதுவும் போய்விட்டது. ஆகவே அவர் 1,900 கேட்பது மனசாட்சிக்கு உறுத்தலாம், ஆனால் சட்டப்படி குற்றமில்லை.

பூட்டு விஷயம் வேறு. அதில் அவர் தொடவே கூடாத இடத்தில் கைவைக்கிறார். 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடகைக் காலம் முடிந்துபோயிருந்தாலும், வாடகைக்கு இருந்தவர் இன்னும் உள்ளே இருந்தால், நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அவரை வெளியேற்ற முடியும். சொந்தக்காரர் தானே பூட்டை மாற்றுவதற்கோ, சாமான்களை அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) எடுத்துப் போடுவதற்கோ வழியில்லை. மீறிச் செய்தால் படம் எடுங்கள், அன்றே போலீஸில் புகார் செய்யுங்கள், அப்புறம் உடனே லாயரைப் பாருங்கள். நீங்கள் போய்ப் பூட்டை உடைக்க வேண்டாம்.

14 நாள் கணக்கும் நிற்காது. மூன்று வருடத்துக்கு மேல் போகாத வாடகையை வாய்ப்பேச்சாகவே பேசி முடிக்கலாம் என்கிறது தேசிய நிலச் சட்டம். ஆனால் கிராண்டில் (நிலப் பட்டாவில்) பதியாத அப்படிப்பட்ட வாடகை, கடையைப் புதிதாக வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. உங்கள் நல்ல நேரம், அவர் இரண்டு மாத வாடகையை வாங்கிவிட்டார். வாங்கிய அன்றே உங்கள் இருவருக்கும் இடையில் மாத வாடகை உறவு ஏற்பட்டுவிட்டது என்று நீங்கள் வாதாடலாம். அதை முடிக்க ஒரு முழு மாத நோட்டீஸ் வேண்டும். இதில் ரொம்பவும் மகிழ வேண்டாம். அவருடைய லாயர் நாளைக்கே சரியான நோட்டீஸ் அனுப்பிவிடுவார். உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் அவகாசம்தான்.

அந்த அவகாசத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். கோபத்தில் பலர் செய்கிற தப்பு இது. 850 வெள்ளியை மாதாமாதம் பேங்க் வழியாகவே அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அந்தச் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி விழுந்தால் 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டப்படி நீதிமன்ற ஆணையோடு வந்து சாமான்களைப் பிடிக்கலாம். தைக்கக் கொடுத்த வாடிக்கையாளர் துணிகளுக்கு அதில் விலக்கு உண்டு. யார் எதைக் கொடுத்தார்கள் என்று எழுதிய உங்கள் அளவு நோட்டுதான் அதற்குச் சாட்சி. நோட்டீஸ் காலம் முடிந்தும் உட்கார்ந்திருந்தால் வேறு ஆபத்து: 1956ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி அவர் இரட்டை வாடகை கேட்கலாம், அதாவது மாதம் 1,700. அல்லது இடத்தின் இன்றைய மதிப்பில் இரண்டு மடங்கு கேட்கலாம். அது 1,900ஐத் தாண்டிவிடும்.

என்னைக் கேட்டால், உங்கள் பலவீனம் மேல் மாடியில் இருக்கிறது. பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். ‘கடைக்கு மட்டும்’ என்றோ ‘உள்வாடகைக்கு விடக்கூடாது’ என்றோ இருந்து, தம்பி உங்களுக்கு ஒரு தொகையும் கொடுத்துவந்தால், எதிர்த் தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். உங்கள் லைசன்ஸில் வகுப்பு இருக்கிறதா என்று கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். தோட்டங்கள் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியான பிறகு, உருமி பழகப் பிள்ளைகளுக்கு இப்படி நாலு சுவர்தான் மிச்சம் என்பது எனக்குத் தெரியும். நீதிபதி கேட்கப்போவது காகிதத்தை.

ஆகவே வழக்குக்கு முன்னால் பேச்சுக்குப் போங்கள். வெளியேற்ற வழக்கென்றால் அவருக்கும் செலவு, மாதக்கணக்கில் இழுபறி. அதை அவருடைய லாயரே அவரிடம் சொல்லியிருப்பார். முதல் வருடம் 1,200, அப்புறம் படிப்படியாக ஏற்றம், மூன்று வருட ஒப்பந்தம், மேல் மாடி இசை வகுப்புக்கு என்று ஒப்பந்தத்தில் தனி வாசகம், காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ் என்று கேளுங்கள். தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அந்தத் தனி வாசகத்தை விடாதீர்கள். கையெழுத்தானதும் 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டுங்கள், முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. கையோடு நில அலுவலகத்தில் கிராண்டில் குறிப்புப் பதியவும் லாயரிடம் சொல்லுங்கள். இவரும் நாளைக்கு விற்றுவிட்டால், அடுத்து வருபவரையும் அது கட்டுப்படுத்தும்.

முன்பணம்: அதை வாங்கியது பழைய தவுக்கே. விற்றபோது புதியவரிடம் ஒப்படைத்தார்களா என்று இரு தரப்புக்கும் பதிவுத் தபாலில் கேளுங்கள். இருவரும் கையை விரித்தால், 1,700 வெள்ளிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறை இருக்கிறது. லாயர் வேண்டாம், படிவத்தை நீங்களே நிரப்பலாம். பணம் கட்டிய ரசீது மட்டும் கையில் இருக்கவேண்டும்.