காய்ச்சல் லீவு

அன்புள்ள சார்,

கொல்கத்தாவில் நீங்கள் பேங்க் வேலை பார்த்த நாட்களைப் பற்றிய குறிப்பில், அங்கே சீனர்கள் வாழும் டேங்ராவில் ஒரு வீட்டில் சீனப் புத்தாண்டு விருந்து சாப்பிட்டதாக ஒரே ஒரு வரி வருகிறது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை. சின்ன வயதில் சென்னையில் எனக்குப் பல் பிடுங்கியவர் ஒரு சீன டாக்டர். கிளினிக் கதவில் சிவப்புத் தாளில் ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். உள்ளே காலண்டரில் அதே எழுத்து நேராக இருக்கும், கதவில் மட்டும் தலைகீழ். நான் அதைச் சொன்னதும் அவர் சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு, பகை நாட்டுக்காரர்கள் என்று பார்க்கப்பட்ட குடும்பங்கள் பண்டிகையை எப்படிக் கொண்டாடியிருக்கும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். காளி கோயில், துர்கா பூஜை, கிறிஸ்துமஸ் என்று அவர்கள் எதையும் விட்டுவைக்கவில்லையாமே. எல்லாமே பண்டிகை என்றால் எதுதான் அவர்களுடையது? மற்றதெல்லாம் ஊருக்காகப் போடுகிற வேஷமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

எனக்கு அந்த விருந்து வைத்த நண்பர் எங்கள் பேங்க் கிளையில் கணக்கு வைத்திருந்த டேனரிக்காரர், தோல் பதனிடும் தொழில். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் போனவர்களுக்கு டேங்ராவின் வாசனையை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் பழகத் தொடங்கியதே அவருடைய ஓவர்டிராப்ட் தகராறில்தான். அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

அவர்கள் ஹக்காக்கள். நம் ஊர்த் தள்ளுவண்டியில் 'ஹக்கா நூடுல்ஸ்' என்று எழுதியிருக்கிற அதே ஹக்காதான். ஆனால் சொல்லுக்கு 'விருந்தாளிக் குடும்பம்' என்று பொருள். சீனாவுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்கே வந்து, போன இடமெல்லாம் வந்தேறி என்று பெயர் வாங்கியவர்கள். நண்பரின் அப்பா குவாங்டாங் மாகாணத்து மெய்ஷியனில் பிறந்து, சிறுவனாகக் கல்கத்தாவுக்கு வந்தவர். அம்மா அஸ்ஸாமில் பிறந்தவர்.

1995 ஜனவரி 30, புத்தாண்டுக்கு முந்தின இரவு. அந்த இரவுச் சாப்பாடுதான் அவர்களுக்கு முக்கியம், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும் அதற்கு வீடு வந்துவிட வேண்டும். பிரித்த சோபாவும் எண்ணெய்க் கறையும் உள்ள சாதாரண வீடு. அடுப்புக்கு மேலே அடுப்புச் சாமியின் படம். அவர் ஆண்டு முடிவில் வானுலகம் போய் அந்த வீட்டின் நடத்தையை அறிக்கை கொடுப்பார், அதனால் போவதற்கு முன் உதட்டில் இனிப்பைத் தடவி அனுப்புவது வழக்கம். மற்ற இடங்களில் தேன் தடவுவார்களாம். இந்த அம்மா தடவியது நொலேன் குர், வங்காளத்தில் குளிர்காலத்தில் மட்டும் வருகிற ஈச்ச வெல்லம். படத்தில் சாமியின் மீசை அந்தப் பழுப்பில் ஒட்டிக் கிடந்தது. "தேனை விட இதுதான் வாயை நன்றாக ஒட்டும்" என்றார் அந்த அம்மா.

கடுகுக்கீரை ஊறுகாயோடு வேகவைத்த பன்றிக் கறி, உள்ளே கறி வைத்த டோஃபு, முழுக் கோழி, கடைசியாக முழு மீன். நான் பாட்டுக்கு மீனைப் புரட்டிப்போட்டு மறுபக்கத்தையும் பிட்டு எடுக்கப் போக, நண்பர் கையைப் பிடித்துவிட்டார். மீனை முடிக்கக் கூடாது, மறுநாளுக்கு மிச்சம் இருக்க வேண்டும். மாண்டரின் மொழியில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஒலி. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் பேசுகிற ஹக்காவில் அந்தச் சிலேடையே நிற்காது, இரண்டுக்கும் வேறு வேறு ஒலி. ஆனாலும் மிச்சம் வைக்கிறார்கள். எங்கள் மொழியில் இது மீன், அது மீதி என்றேன். அந்த அம்மா 'மீன், மீதி' என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு மகனிடம் ஏதோ சொன்னார். "இவங்க மொழியில நம்ம மொழியை விட நல்லாப் பொருந்துதே" என்றாராம்.

கிளம்பும்போது எனக்கும் ஒரு சிவப்பு உறை கொடுத்தார்கள். கல்யாணமாகாதவர்களுக்கு எந்த வயதிலும் உண்டு. உள்ளே இரண்டு புதுப் பத்து ரூபாய் நோட்டு. மறுவருஷம் எனக்குக் கல்யாணமாகியிருந்தது, உறையும் நின்றுபோனது.

இனி உங்கள் முதல் கேள்வி. போர் நடந்தது 1962 அக்டோபர், நவம்பரில். அது முடிகிற சமயத்திலேயே அஸ்ஸாமிலும் வடக்கு வங்காளத்திலும் சீன வம்சாவளிக் குடும்பங்களை வீடு வீடாகப் போய் அழைத்துக்கொண்டு போனார்கள். ரயிலில் ஏற்றி ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 3000 பேர். குழந்தைகள், கிழவர்கள் எல்லாருமாக. சிலர் 1967 வரை அங்கேயே இருந்தார்கள். நண்பரின் அம்மா போனபோது அவருக்குப் பதினேழு வயது. 1963இல் புத்தாண்டு ஜனவரி 25 அன்று வந்தது, அவர் முகாமுக்குள் இருந்தார். அந்த நாளைப் பற்றி அவர் பிள்ளைகளிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அன்றைக்கும் யாரும் தரையைப் பெருக்கவில்லை." முதல் நாள் பெருக்கினால் வீட்டின் அதிர்ஷ்டம் வெளியே போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. முகாமில் எந்த அதிர்ஷ்டத்தைக் காப்பாற்றினீர்கள் என்று கேட்க மகனுக்குத் துணிச்சல் வரவில்லை.

கொல்கத்தாவில் எல்லாரையும் பிடிக்கவில்லை. ஆனால் சீனாவில் பிறந்த அப்பா, வெளிநாட்டவர் பதிவு என்று போலீஸ் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் எதையும் விளக்கியதில்லை. நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் லீவு லெட்டர்தான். பள்ளிக்கூடத்தில் சீனப் புத்தாண்டுக்கு விடுமுறை கிடையாது. வருஷா வருஷம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வரும். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்', நாம் எல்லாரும் எழுதிய அதே கடிதம். அப்பா சொல்லச் சொல்ல எழுதி, அவர் கையெழுத்துப் போடுவார். தோல் எடையில் ஒரு கிராம் ஏமாற்றாத மனுஷன் இதில் மட்டும் கூசாமல் பொய் சொன்னார். கையெழுத்துப் போட்டு வெளியே போகிற எந்தத் தாளிலும் 'சீன' என்ற சொல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வாத்தியாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மறுநாள் மூன்று பேரும் புதுச் சட்டையில் வந்து நிற்பார்களே.

பட்டாசும் இப்படித்தான். சீனப் புத்தாண்டென்றால் பட்டாசு இல்லாமல் இல்லை. 62க்குப் பிறகு இந்த வீட்டில் அன்றைக்கு ஒரு வெடிகூட வைத்ததில்லை. வாங்கி வைத்திருந்து, காளி பூஜை ராத்திரி ஊரே வெடிக்கும்போது வெடித்துத் தீர்ப்பார்கள். வேஷமா என்று கேட்கிறீர்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. டேங்ராவில் சீனர்கள் கட்டிய காளி கோயிலில் நூடுல்ஸ் பிரசாதம் என்பதைப் பத்திரிகைகள் வருஷந்தோறும் ஒரு விநோதமாக எழுதும். நண்பரின் அம்மா அந்தக் காளிக்கு முன்னால் பத்தி ஏற்றிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். யாருக்காகவும் செய்கிற காரியமாகத் தெரியவில்லை.

எது அவர்களுடையது என்று கேட்டால் நான் அச்சிப்பூரைச் சொல்வேன். பட்ஜ் பட்ஜுக்கு அந்தப் பக்கம், ஹூக்ளிக் கரையில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், டோங் அச்சியூ என்பவர் அங்கே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். ஊருக்கே அவர் பெயர்தான். புத்தாண்டுக்கு அப்புறம் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்கத்தா சீனர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போய், லாட வடிவத்தில் சிவப்பாக இருக்கிற அவர் சமாதியில் படைக்கிறார்கள். ஒருமுறை நானும் போனேன். சீனாவில் இருக்கிற எந்தச் சீனருக்கும் இந்தப் பண்டிகை கிடையாது. இங்கே வந்து சேர்ந்த முதல் ஆளுக்காக, வந்து சேர்ந்தவர்கள் உண்டாக்கிக்கொண்டது.

1996 டிசம்பரில் டேனரிகள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல டேனரிகள் ஓட்டல்களாயின, பல குடும்பங்கள் டொரண்டோவுக்குப் போயின. நண்பரும் போனார். சில வருஷம் முன்னால் போனில் பேசும்போது, மகள் புத்தாண்டுக்கு லீவு போட பள்ளிப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டியதைச் சொன்னார். காரணம் என்ற கட்டத்தில் 'சீனப் புத்தாண்டு' என்று அவளே எழுதியிருந்தாள். "நான் பேனாவை எடுத்துட்டு அவ நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன்" என்றார்.

உங்கள் பல் டாக்டர் கதவில் இருந்தது 'ஃபூ' என்ற எழுத்து, நல்வாழ்வு என்று பொருள். தலைகீழ் என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி, அதனால் வேண்டுமென்றே கவிழ்த்து ஒட்டுவார்கள். சென்னைச் சீனப் பல் மருத்துவக் குடும்பங்களின் பூர்வீகம் பெரும்பாலும் ஹூபே மாகாணம். 'தலைகீழ் ஆகிவிட்டது' என்று யாராவது சொன்னால் 'நல்வாழ்வு வந்துவிட்டது' என்று காதில் விழும். நீங்கள் தமிழில் சொன்னீர்கள். அவர் மனசுக்குள் மொழிபெயர்த்துக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.