ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்கும்போது மெடிக்கலில் என்னென்ன பார்ப்பார்கள்? போதை டெஸ்ட் உண்டா?

நீங்கள் கேட்டது இது: அண்ணனுக்கு வயது 46, செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறார், சுகர் மாத்திரை போடுகிறார், அடுத்த மாதம் லைசென்ஸ் முடிகிறது, ரத்தம், சிறுநீர் எடுத்துப் போதை டெஸ்ட் செய்வார்களா?

செய்ய மாட்டார்கள். நம் ஊரில் லைசென்ஸ் புதுப்பிக்க அப்படி ஒரு டெஸ்ட் சட்டத்தில் கிடையாது. அமெரிக்காவில் கனரக வண்டி ஓட்டுபவர் வேலைக்குச் சேரும் முன்பே சிறுநீர் கொடுத்தாக வேண்டும். இங்கே கேட்பது படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று. வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும், சொந்த வண்டி என்றாலும் 40 வயது தாண்டியவர்களுக்கும் இது வேண்டும். அதற்கும் ரத்தம், சிறுநீர் எடுத்துப் போதை டெஸ்ட் கிடையாது. டாக்டர் ஆளைப் பார்த்துத்தான் அந்தச் சான்றை எழுத வேண்டும். அதனால்தான் ஆளைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்கிறேன். ஓட்டுநர் பலருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற ஒரே பரிசோதனை இதுதான்.

படிவங்களில் வலிப்பு, தலைசுற்றல், காது, மாலைக்கண், கை கால் குறை எல்லாம் கேட்பார்கள். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கண்ணில். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். போவதற்கு முன் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்: காரிலிருந்து சுமார் 35 எட்டு தள்ளி நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண். இரண்டு கண்ணையும் திறந்து படித்தால் ஒரு கண்ணில் புரை விழுந்திருப்பது தெரியாது, நல்ல கண் சமாளித்துவிடும். கண்ணாடி போட்டுப் படித்தாலும் செல்லும், போட்டுத்தான் ஓட்ட வேண்டும். நிறம் பிரித்துத் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். லேசான, நடுத்தரமான நிறக்குறை இருந்தால் 2020 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் உண்டு, கடுமையானதற்குக் கிடையாது.

பி.பி. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே டீயும் பீடியும் வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

சுகர்தான் உங்கள் அண்ணன் விஷயத்தில் முக்கியம். சுகர் இருப்பதால் மட்டும் சான்று மறுக்க மாட்டார்கள், டாக்டரிடம் மறைக்க வேண்டியதில்லை. ஓட்டுநருக்குக் கூடுவதைவிடக் குறைவதுதான் உடனடி ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்கு அது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் என்றால் கட்டாயம் கவனம் வேண்டும். நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்: மாத்திரையை முழுங்கியாயிற்று, புளியரை தாண்டி மலை ஏறிவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்கிறார், செக்போஸ்டில் வண்டி வரிசை கட்டி நிற்கிறது, இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. முதலில் வேர்வை, கை நடுக்கம், அகோரப் பசி. அடுத்து பேச்சு குளறும், ஸ்டியரிங் தடுமாறும். பார்க்கிறவன் குடித்திருக்கிறான் என்றுதான் சொல்வான். வேர்க்கும்போதே வண்டியை ஓரம் கட்டிச் சாவியை எடுத்துவிட வேண்டும். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பிஸ்கட்டும் முறுக்கும் அந்த நேரத்துக்கு உதவாது, அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மிஷினில் பார்த்து 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு. 90க்கு மேல் வந்து, ஏதாவது சாப்பிட்டு, முக்கால் மணி நேரம் கழிந்த பிறகே சாவியைத் தொட வேண்டும். கேபினில் சீனி டப்பாவும் குளுக்கோமீட்டரும் எப்போதும் இருக்கட்டும். மாத்திரையைச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு போடட்டும்.

போதை டெஸ்ட் ரோட்டில் உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் வழக்கு. முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும், மறுபடி மாட்டினால் 15,000 வரை, இரண்டு வருடம் வரை. நேற்று ராத்திரி குடித்தது காலையில் இறங்கியிருக்கும் என்ற நம்பிக்கைதான் பலரைக் கெடுக்கிறது. ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் அது ஏறக்குறைய 130 வரை ஏறும், மணிக்குச் சுமார் 15தான் இறங்கும். ராத்திரி 11 மணிக்கு முடித்தவர் அதிகாலை 4 மணிக்கு வண்டி எடுத்தால் இன்னும் 50க்கு மேல் இருக்கும். குளியலும் எலுமிச்சைச் சாறும் கல்லீரலை விரட்டாது. வாய் கொப்பளிக்கும் மருந்து, டானிக் எடுத்த உடனே ஊதினால் மிஷின் தவறாகக் கூட்டிக் காட்டலாம். அதைச் சொல்லி, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதக் கேட்கலாம். ஊதவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது வழக்கில் அவருக்கு எதிராகவே நிற்கும்.

சளி மாத்திரையை யாரும் போதையில் சேர்ப்பதில்லை. குளோர்பெனிரமின் கலந்தது ராத்திரி போட்டால் விடிந்த பிறகும் கண் சொருகும். மெடிக்கல் ஷாப்பில், லாரி ஓட்டுகிறேன், தூக்கம் வராததாகக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் சட்டம் முற்றிலும் வேறு. கோடீன் இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. குருமாவுக்கு அரைக்கிற கசகசாவைச் சவுதிக்கும் துபாய்க்கும் கொண்டுபோகவே கூடாது. கசகசா சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தால் சிறுநீரில் மார்ஃபின் காட்டக்கூடும்.

லைசென்ஸ் முடிகிற தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். முன்பு இருந்த 30 நாள் சலுகையை 2019 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

படிவத்தில் இல்லாத ஒன்றை மதினியிடம் கேளுங்கள். அண்ணன் தூங்கும்போது பெரிய குறட்டை திடீரென நின்று, மூச்சுத் திணறி, மறுபடி தொடங்குகிறதா? கழுத்துச் சுற்றளவு 17 அங்குலம் தாண்டுகிறதா? அப்படியானால் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூக்கம் நிறையாது, பகலில் ஸ்டியரிங்கிலேயே கண் மூடும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்த வாரமே காட்டிவிடுங்கள். மதினியும் கூடப் போகட்டும், குறட்டை நிற்பதைப் பார்த்தவர் அவர்தான்.