தூக்கப் பரிசோதனையில் தெளிவான முடிவு வராவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 46. பலத்த குறட்டை உண்டு. தூக்கத்தில் அவ்வப்போது மூச்சு நின்றுவிடுவதாக மனைவி சொல்கிறார். பகலெல்லாம் கண் சொக்குகிறது. கருவி பொருத்தி வீட்டிலேயே செய்துகொண்ட தூக்கப் பரிசோதனையில், 'உறுதியாகக் கூற இயலவில்லை' என்று அறிக்கை வந்துள்ளது. ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்) இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் அளவுக்குப் பதிவு கிடைக்கவில்லை என்பதே அந்த அறிக்கையின் பொருள். மூக்கில் வைத்த குழாய் நழுவியிருக்கலாம். விரலில் மாட்டிய ஆக்சிஜன் மானி கழன்றிருக்கலாம். பயன்படத்தக்க பதிவு 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்திருக்கலாம். முழு அறிக்கையையும் கேட்டு வாங்கினால் காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ மணிக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதைக் கொண்டே இந்நோயை அளக்கிறோம். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் இயல்பு. 15-ஐத் தொட்டால் மிதமானது. 30-ஐத் தாண்டினால் தீவிரமானது. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை மூளை அலைகளைப் பதிவு செய்யாததால், விழித்துப் புரண்டுகொண்டிருந்த நேரத்தையும் சேர்த்தே வகுத்துவிடுகின்றன. 6 மணி நேரப் பதிவில் 3 மணி நேரமே தூங்கிய ஒருவருக்கு, 16 என்று வரவேண்டிய எண் 8 ஆகச் சுருங்கிவிடும். தவிர, மல்லாந்து படுக்கும்போதும் கனவு வரும் தூக்கநிலையிலும் மூச்சுத்தடை பொதுவாகக் கூடும் என்பதால், ஓர் இரவின் கணக்கு மறு இரவோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை.

ஆகவே, உங்கள் அறிகுறிகளைப் பார்க்கும்போது, வீட்டுப் பரிசோதனையையே திரும்பச் செய்வதைவிட, தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்யும், மூளை அலைகளையும் பதிவு செய்யும் பாலிசோம்னோகிராபி என்ற முழுப் பரிசோதனையையே நான் பரிந்துரைப்பேன். புது இடத்தில் தூக்கம் வராதே என்று கவலைப்படாதீர்கள். பலருக்குச் சில மணி நேரத் தூக்கமே போதுமான தகவலைத் தந்துவிடுகிறது. வழக்கமான மருந்துகளை நீங்களாக நிறுத்தாமல், தூக்க மாத்திரை உட்பட அனைத்தையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். ஆய்வகப் பரிசோதனையிலும் எதுவும் தென்படாமல் அறிகுறிகள் நீடித்தால், இரண்டாம் முறை பரிசோதிப்பதும், பகல் தூக்கத்துக்கு வேறு காரணங்களைத் தேடுவதும் முறையானதே.

நோய் உறுதியாகும் முன், காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் (CPAP) கருவியை நீங்களே வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். அதுவரை ஒருக்களித்துப் படுங்கள், மதுவைத் தவிருங்கள், கண் சொக்கும்போது வண்டி ஓட்டவே கூடாது. இடையில் ஏதேனும் அறுவை சிகிச்சை இருந்தால், இப்படி ஒரு சந்தேகம் இருப்பதை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.