மகாராஷ்டிரத்தின் கொய்னா அணையில் மேல்பகுதியில் விரிசல் விழுந்தது ஏன்?

"அதிர்வு அடியிலிருந்துதானே வருகிறது, என் கணினி மாதிரியில் மட்டும் கொய்னா அணை ஏன் மேலே விரிசல் விடுகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணக்கில் பிழையில்லை. உண்மையிலும் அங்கேதான் விரிந்தது. ஒரு பிரம்பின் அடியைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள், நுனிதான் அதிகம் வீசும். 1967 டிசம்பர் 11 அன்று வந்த நிலநடுக்கத்தில் அந்த 103 மீட்டர் உயர அணையும் அப்படித்தான் ஆடியது. அதன் பின்முகச் சரிவு (நீர் தேங்காத பக்கம்) ஏறக்குறைய 66 மீட்டர் உயரத்தில் சட்டென்று கிட்டத்தட்ட செங்குத்தாக மாறுகிறது. கனத்த தலை, ஒடுங்கிய கழுத்து. இழுவிசை அங்கே குவிந்தது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்புக்கு எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். பிறகு அணையின் பின்புறம் முட்டுச்சுவர்கள் எழுப்பி வலுவூட்டினார்கள். மாதிரியில் அந்தக் கழுத்துப் பகுதிக்கு வலையை (கணக்கிட அணையைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) நெருக்கமாகப் போடுங்கள், நீரின் அழுத்தத்தையும் சேருங்கள்.