எரிவாயுக் கணப்பை நானே குழாயுடன் இணைத்துக்கொள்ளலாமா?

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் வசிக்கும் நீங்கள், பேஸ்மென்ட்டில் வைப்பதற்கு அறையைச் சூடாக்கும் ஓர் எரிவாயுக் கணப்பை (gas fireplace) வாங்கிவிட்டதாகவும், சமையலடுப்புக்குச் செல்லும் குழாயிலிருந்து கிளை பிரித்து அதை நீங்களே இணைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. சொந்த வீடாகவே இருந்தாலும், இந்த மாகாணத்தில் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர்தான் அதைச் செய்யலாம், வருபவரிடம் மாகாணத்தின் எரிவாயுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ. வழங்கிய ஜி1 அல்லது ஜி2 சான்றிதழ் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் அவர் எதையெல்லாம் செய்ய வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

இணைப்பு என்றதும் மரையை இறுக்குவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் கணப்பு மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்ப அலகு) எரிக்கும் என்று வைத்துக்கொள்வோம். எல்லா பர்னர்களும் ஓவனும் சேர்ந்தால் அடுப்பு 65,000 வரை இழுக்கும். அரை அங்குல இரும்புக் குழாய் 50 அடி ஓடி வந்திருந்தால் இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்காது. அடுப்பைப் பற்றவைத்ததும் கணப்பின் சுடர் சுருங்கும், சில வேளை அணைந்தும் போகும். ஆகவே மீட்டருக்கு அருகில், குழாய் பெரிதாக உள்ள இடத்திலிருந்து தனிக் கிளை கொண்டுவருவதே பெரும்பாலும் சரியான வழி.

அடுத்து, கணப்பின் தகட்டில் எந்த வாயு என்று பொறித்திருக்கிறது என்பதைப் பாருங்கள். இயற்கை எரிவாயு வீட்டுக்குள் ஏறத்தாழ 7 அங்குல நீரழுத்தத்திலும் (அத்தனை அங்குல உயர நீர் தரும் அழுத்தம்), புரோப்பேன் 11 அங்குலத்திலும் வரும். ஒரே கன அளவில் புரோப்பேனுக்கு இரண்டரை மடங்கு வெப்பம் உண்டு. இயற்கை வாயுவுக்கென அமைந்த பர்னர் துளையில் புரோப்பேனை விட்டால் சுடர் மிகையாக எழுந்து கரி படியும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் உண்டாகும். நீங்கள் வாங்கியது பழைய கணப்பு என்றால் இதை இருமுறை பாருங்கள், ஏனெனில் ஏரிக்கரை விடுமுறை வீடுகளில் புரோப்பேனில் எரிந்தவையும் விற்பனைக்கு வருகின்றன. வாயுவை மாற்ற வேண்டுமானால் உற்பத்தியாளரே தரும் மாற்று உதிரிபாகத் தொகுப்பைத்தான் (conversion kit) பயன்படுத்த வேண்டும்.

மரை இணைப்புகளுக்கு எரிவாயுவுக்கென உள்ள பசையைப் பூசுவார்கள். குழாய்முனையை விரித்துப் பொருத்தும் விரிமுனை (flare) இணைப்பில் உலோகமே உலோகத்தை அடைப்பதால் அங்கே எதையும் பூசக் கூடாது. இறுக்கும்போது ஒரு ஸ்பேனர் வால்வைப் பிடித்திருக்க, மற்றொன்றுதான் திருக வேண்டும். ஒற்றைக் கையால் திருகுபவரைக் கண்டால் எனக்குப் பதறும். கணப்பின் வால்வு முறுகிவிட்டால் அது வெளியே தெரியாது. வளையும் குழாயைச் சுவர் வழியாகவோ, கணப்பின் தகரத் துளை வழியாகவோ நுழைக்கவும் கூடாது.

புதுக் குழாயைக் காற்றழுத்தத்தில் சோதிப்பார்கள். சோதனை அழுத்தம் அரை பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு) தாண்டினால் கணப்பையும் அதன் அடைப்பு வால்வையும் முன்னதாகவே கழற்றிவிட வேண்டும், இல்லையேல் உள்ளிருக்கும் சவ்வு கெடும். பிறகு வாயுவைத் திறந்து ஒவ்வொரு மூட்டிலும் சோப்புக் கரைசலைத் தடவ வேண்டும். சிறு கசிவு பெரிய குமிழாக ஊதாது, கடுகளவு நுரையாக மெல்லத் திரளும். ஆகவே தடவியவுடன் துடைத்துவிடாமல் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கசிவைக் காட்டிக்கொடுப்பதற்காக வாயுவில் சேர்க்கப்படும் நாற்றம் கார்பன் மோனாக்சைடுக்குக் கிடையாது. 2008இல் ஒண்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் கணப்பின் புகைபோக்கி அடைபட்டு ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தனர். அதன் விளைவாக வந்த ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டம் 2014 முதல் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. பனிக்காலத்தில் சுவருக்கு வெளியே உள்ள புகைவாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துவர வேண்டும்.

வேலை முடிந்து கையெழுத்திடும் முன், கணப்பு, அடுப்பு, வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸ், வெந்நீர்க் கலன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிட்டு அழுத்தமானியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். அது கணப்பின் தகட்டில் உள்ள குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் கீழே இறங்கினால் வேலை இன்னும் முடியவில்லை.